வியாழக்கிழமை பதினோரு மணி

ஆட்டோக்காரர் மண்டி மொஹல்லா முனையிலேயே என்னை இறக்கிவிட்டார். சந்துக்குள் இரண்டு டெம்போக்கள் எதிரும் புதிருமாக நின்று சரக்கு இறக்கிக்கொண்டிருந்தன. என் கையில் ஒரு காலி லேப்டாப் பை. அதற்குள் கையெழுத்து வாங்கவேண்டிய ஒரு படிவம். இறந்துபோன ஊழியரிடமிருந்து கம்பெனிப் பொருள்களைத் திரும்பப் பெற்றதற்கான படிவம் எங்களிடம் இல்லை. வேலையை விட்டுப் போகிறவர்களுக்கான படிவத்தில் ‘காரணம்’ என்ற இடத்தை மட்டும் நானே மாற்றி அடித்திருந்தேன்.

என் பெயர் உமாதேவி. மைசூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். வீட்டிலிருந்தே வேலை செய்யச் சேரும் புதியவர்களை வரவேற்று, முதல் மாதம் முழுக்க அவர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அவர்களில் பாதிப்பேர் எங்கள் ஆபீஸ் வாசலைக்கூட மிதித்ததில்லை. அதனால் ஒவ்வொருவருக்கும் ஆபீஸில் ஒரு பழைய ஆளைத் துணையாகப் போடுவோம். முதல் வாரம் வியாழக்கிழமை பதினோரு மணிக்குத் துணையாள் இருபது நிமிடம் வீடியோவில் பேசவேண்டும். சாப்பாடு, தூக்கம், வேலை, பயம் எல்லாவற்றையும் விசாரிக்கவேண்டும். பேசி முடித்ததும் பட்டியலில் டிக் போடவேண்டும்.

தாரணிக்குத் துணையாள் நான்தான்.

அவளுக்கு இருபத்து மூன்று வயது. சொந்த ஊர் ஹனூர். ஊரில் நெட் நிற்காது என்பதற்காக மைசூரில் இந்த மாடி அறையை வாடகைக்கு எடுத்திருந்தாள். என் மேஜையிலிருந்து ஸ்கூட்டரில் கால் மணி நேரம். அவள் செத்து மூன்று வாரம் கழித்து, அன்றைக்குத்தான் முதல் தடவையாக அங்கே போனேன்.

மணி பத்தே முக்கால் இருக்கும். கீழ் வீட்டுக்காரர் கமலம்மாள் சாவியோடு காத்திருந்தார். மாடிப்படி குறுகல், இரும்புக் கைப்பிடி ஈரமாக இருந்தது. ஏற ஏற ஒரு வாசனை வந்தது. குளித்துவிட்டு வந்தவர்கள் பக்கத்தில் நின்றால் வருமே, அந்தச் சோப்பும் வெந்நீர் ஆவியும் கலந்த வாசனை. யாராவது மேலே குடியிருக்கிறார்களா என்று கேட்டேன். மூன்று வாரமாக ஒருத்தரும் இல்லை என்றார்.

அறைக்குள் தாரணியின் அம்மா மல்லம்மா தரையில் உட்கார்ந்து, மகளின் துணிகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தார். காலையில்தான் ஹனூரிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார். ஒரே அறை, அதை ஒட்டினாற்போல் குளியலறை. இரண்டு ஜன்னலும் இறுக மூடியிருந்தன. உள்ளே புழுக்கம் தாங்கவில்லை. ஜன்னலைத் திறக்கக் கூடாதா என்று கமலம்மாளைக் கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தினமும் நான்தான் வந்து திறந்து வெக்கறேன் மேடம். மறுநாள் வந்து பார்த்தா மூடியிருக்கு. பூட்டுன ரூமு. எனக்கு ஒண்ணும் அர்த்தமாகல."

மேஜைமேல் லேப்டாப். அதற்கு மேலே சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. குண்டு குண்டான கையெழுத்தில் ஒரே வரி: மீட்டிங்குக்கு முன்னால் ஜன்னல்களை மூடவும், வெளியிலிருந்து சத்தம் வரக்கூடாது.

அது என் வரி. புதியவர்களுக்கு நான் அனுப்பும் வரவேற்பு மெயிலில் இருப்பது. அவள் அதை அப்படியே எழுதி, கண்ணில் படுகிற மாதிரி ஒட்டிவைத்திருக்கிறாள்.

அன்றைக்கு நடந்ததைப் போலீஸ் சொன்னபடி எனக்குத் தெரியும். குளியலறையில் கேஸ் கீசர். காற்றுப் போக அங்கே வழி கிடையாது. தாரணி துணி ஊறப்போட வாளியில் வெந்நீரைத் திறந்துவிட்டிருக்கிறாள். மணி பதினொன்று ஆகிவிட்டதால் குழாயை மூடாமலே ஓடிவந்து, ஜன்னல்களைச் சாத்திவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். கீசர் எரிந்துகொண்டே இருந்தது. அதிலிருந்து வரும் விஷக் காற்றுக்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. மாலை நான்கு மணிக்கு, தொட்டித் தண்ணீர் காலி என்று சண்டை போட மேலே வந்த கமலம்மாள்தான் பார்த்தார். மேஜைமேல் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாளாம். மத்தியானத்துக்கு முன்னால் கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னார்.

மல்லம்மா படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கடைசியா எம்புள்ளகிட்டப் பேசுனது நீங்கதானுங்களே?"

நான் படிவத்தை மடித்துப் பையில் வைத்தேன்.

அன்றைக்குப் பதினொன்றே முக்காலுக்கு மகள் போனை எடுக்கவில்லை என்று அவர் பயந்துபோய் ஆபீஸுக்குப் போன் செய்திருக்கிறார். வரவேற்பில் இருந்த பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு, பதினோரு மணிக்கு உமாதேவி மேடம் இருபது நிமிடம் பேசியிருக்கிறார், உங்கள் பெண் நன்றாக இருக்கிறாள், வேலையில் இருப்பாள் என்று சொல்லியிருக்கிறாள். "கீழூட்டு அம்மாளுக்குப் போன் பண்ணிப் பாக்கச் சொல்லலாம்னுதான் இருந்தேனுங். ஆபீசுலயே பேசிட்டாங்கன்னதும், எதுக்கு அவிங்களத் தொந்தரவு பண்ணோணும்னு உட்டுட்டேன்" என்றார் மல்லம்மா. தன்மேல்தான் தப்பு என்பது போலச் சொன்னார்.

அன்றைக்கு நான் தாரணியிடம் பேசவே இல்லை.

வியாழக்கிழமை டிக்கை நான் திங்கட்கிழமையே போட்டுவிட்டேன். எங்கள் ஆபீஸில் எல்லோரும் செய்வதுதான். டிக் விழாத பெயர் சிவப்பாக மாறும், சிவப்பு மேலதிகாரி நஞ்சுண்டசாமியின் திரைக்குப் போகும், அவர் கூப்பிட்டுக் கேட்பார். அந்த மாதம் முப்பது பேர் ஒன்றாகச் சேர்ந்தார்கள். திங்கட்கிழமை காலையில் காபி குடித்துக்கொண்டே முப்பது பேருக்கும் வாரம் முழுவதற்கும் பச்சை அடித்துவிட்டேன். வியாழன் பதினோரு மணிக்கு நான் கேன்டீனில் இருந்தேன். எங்கள் பிரிவு தீபாவுக்குப் பிறந்தநாள், கேக் வெட்டினோம்.

"என்னுங்க பேசுனா? ஒரு வார்த்தை உடாமச் சொல்லுங்" என்றார் மல்லம்மா.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: காலையில் ரெண்டு இட்லி சாப்பிட்டதாகச் சொன்னாள். வேலை பிடித்திருக்கிறது என்றாள். அடுத்த அமாவாசைக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு மாதேஸ்வரன் மலைக் கோயிலுக்குப் போகவேண்டும் என்றாள். சிரித்துக்கொண்டே பேசினாள்.

மல்லம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கமலம்மாளும் அழுதார். பொய் அவ்வளவு சரளமாக வந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அப்போதுதான் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

வாளியில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம். குளியலறைக் கதவு திறந்துதான் இருந்தது. கீசரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், சுவரில் நான்கு ஆணித் துளைகள்தான் இருந்தன. வாளி காய்ந்து கிடந்தது. குழாயில் ஒரு சொட்டுகூட இல்லை.

சத்தம் நிற்கவில்லை.

மற்ற இரண்டு பேரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று புரிந்தது.

மேஜைமேல் லேப்டாப் ‘டிங்’ என்றது. மூன்று வாரமாகச் சார்ஜ் போடாத லேப்டாப். ஒயர் சுருட்டி ஓரமாக வைத்திருந்தது. திரை மெல்ல வெளிச்சமானது. மூலையில் மணி பதினொன்று. நடுவில் ஒரே வரி.

மேடம், வந்துட்டேன்.

நான் பாய்ந்து போய் லேப்டாப்பை மூடிப் பைக்குள் திணித்தேன். என்னம்மா சத்தம் என்று மல்லம்மா கேட்டார். பாட்டரி தீர்ந்துபோச்சு என்றேன். படியிறங்கும்போது பை இளஞ்சூடாக இருந்தது.

அந்த வரியை நான் அதற்கு முன்னாலும் படித்திருக்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. கேக் வெட்டிவிட்டுப் பதினொன்று நாற்பதுக்கு மேஜைக்குத் திரும்பியபோது என் திரையில் அவளுடைய செய்திகள் இருந்தன. ‘மேடம், வந்துட்டேன்.’ ‘மேடம், கேக்குதா?’ ‘மேடம், தலை சுத்துது. நீங்க வந்ததும் சொல்றேன்.’ முதல் வாரப் பதற்றம், எல்லோருக்கும் வருவதுதான் என்று நினைத்தேன். நாளைக்குப் பேசலாம் என்று பதில் அடித்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். மறுநாள் செய்தி தெரிந்ததும் அந்த நான்கு வரிகளையும் அழித்தேன். அவளுடைய மூன்று, என்னுடைய ஒன்று.

அழித்தால் போய்விடும் என்று நினைத்தது என் புத்தி.

புதியவர்கள் முதல் மாதத்திலேயே ஏன் ஓடிப்போகிறார்கள் என்று மேலிடம் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. இந்தச் சாவுக்குப் பிறகு, வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களை வரவேற்கும் முறையைச் சீர்திருத்தி ஒரு திட்டம் எழுதும்படி நஞ்சுண்டசாமி என்னிடமே கொடுத்தார். பட்டியலில் ஒரு சிவப்புகூட இல்லாதவள் நான் ஒருத்திதானாம். நான் வெறி பிடித்தவள்போல எழுதினேன். அழைப்பு உண்மையாகவே நடந்தால் ஒழிய டிக் விழக்கூடாது. அழைப்புக்கு வராதவரின் வீட்டுக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆள் போகவேண்டும். வீட்டுக்காரரின் போன் நம்பரும் நம்மிடம் இருக்கவேண்டும். ஜன்னலை மூடச்சொல்லும் வரியை எடுத்துவிடவேண்டும். கடைசிப் பக்கத்தில் நான் செய்ததையும் எழுதினேன். நஞ்சுண்டசாமி அந்த ஒரு பக்கத்தை மட்டும் உருவி என்னிடம் திருப்பிக் கொடுத்தார். செத்தவள் திரும்பி வரப்போகிறாளா, கம்பெனிமேல் வழக்கு வேறு வரும், விடுங்கள் என்றார். நான் விட்டுவிட்டேன். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

புதிய முறையில் முதல் குழு சேர்ந்தது. ஏழு பேர். வாராவாரம் வியாழக்கிழமை பதினோரு மணிக்கு எல்லோரோடும் சேர்ந்து வீடியோவில் பேச ஏற்பாடு. இரண்டு நிமிடம் முன்னதாகவே உட்கார்ந்தேன். ஏழு முகங்கள் எனக்காகக் காத்திருந்தன. எட்டாவதாக ஒரு கட்டம் இருந்தது. கேமரா இல்லாத கறுப்புக் கட்டம், பெயரும் இல்லை. நான் நுழைந்த அடுத்த நொடி அது மறைந்தது.

குண்டலுபேட்டையிலிருந்து சேர்ந்திருந்த பரத் என்ற பையன் கன்னடம் கலந்த தமிழில் கேட்டான். "மேடம், ஆ அக்கா யாரு? நீங்க வர்ற முன்னாடி எங்ககிட்டல்லாம் மாத்தாடுனாங்க."

என்ன பேசினாங்க என்று கேட்டேன்.

"எங்க வீட்டு பாத்ரூம்ல கேஸ் கீசர் இருக்கான்னு கேட்டாங்க. ஜன்னல திறந்து வெச்சுக்கச் சொன்னாங்க. ஒவ்வொருத்தரையும் தனித்தனியா கேட்டாங்க மேடம்." கொஞ்சம் தயங்கினான். "பின்னாடி தண்ணி ஊத்தற சத்தம் வந்துட்டே இருந்துச்சு. மூடலாமே அக்கான்னேன். மேடம் வந்ததும் மூடறேன்னாங்க."

மற்ற ஆறு பேரும் தலையாட்டினார்கள்.

அடுத்த வியாழனும் அதே. அதற்கடுத்த வியாழனும் அதே. நான் எவ்வளவு முன்னால் போனாலும் அவள் எனக்கு முன்னால் வந்திருந்தாள். நான் நுழைந்ததும் கட்டம் மறையும், ஆபீஸ் ஏசிக் குளிரில் எங்கிருந்தோ வெந்நீர் ஆவி வாசனை வரும். அந்த ஏழு பேரில் ஒருவர்கூட வேலையை விடவில்லை. அந்த அக்கா அக்கறையாகப் பேசுகிறார் என்று மூன்று பேர் கருத்துப் படிவத்தில் எழுதினார்கள். நஞ்சுண்டசாமி அதை எனக்கு வந்த பாராட்டு என்று நினைத்து எல்லோர் முன்னாலும் வாசித்தார். எழுந்து நின்று நன்றி சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொள்ளேகால் வழியாக ஹனூருக்குப் பஸ் ஏறினேன்.

மல்லம்மா வாசலில் மக்காச்சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தார். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன், இல்லையென்றால் அங்கேயும் ஒரு பொய் சொல்லியிருப்பேன். டிக், கேக், மூன்று செய்திகள், அழித்தது, இட்லி, மலை எல்லாவற்றையும் சொன்னேன். ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவள் வருவதையும் சொன்னேன். முடிந்தபிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"நான் ஆபீசுக்குப் போன் பண்ணப்ப அவ உசுரோட இருந்தாளுங்களா?"

"இருந்திருப்பாம்மா" என்றேன்.

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கையில் ஒட்டியிருந்த சோளத்தூசியைத் தட்டிக்கொண்டே இருந்தார், எல்லாம் போனபிறகும் தட்டினார்.

"ரெண்டு இட்லி தின்னாளாமா, மலைக்குப் போலாம்னாளாமான்னு ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதுட்டிருந்தேனுங். எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். இன்னைக்கு வந்து அதையும் எடுத்துக்கிட்டீங்க."

அவர் கையைத் தட்டுவதை நிறுத்தினார்.

"என்னையத் தேடி எதுக்குங் வந்தீங்க? அவ உங்களுக்குத்தான காத்துட்டிருக்கறா. போயி அவகிட்டப் பேசுங்க."

சொல்லிவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்ச் சோளத்தைக் கிளறத் தொடங்கினார். நான் போகும்போது அவர் நிமிரவில்லை.

அடுத்த வியாழக்கிழமை புதியவர்களின் கூட்டத்தை வேறு ஆளிடம் ஒப்படைத்தேன். ஆபீஸ் மூன்றாவது மாடியில் ஒரு சின்ன மீட்டிங் அறைக்குப் போய் இரண்டு ஜன்னலையும் அகலத் திறந்துவைத்தேன். வெளியே நல்ல வெயில், கீழே ஹாரன் சத்தம். தாரணி சேர்ந்த வாரத்தில் அவளுக்கு நான் அனுப்பிய பழைய மீட்டிங் அழைப்பை என் லேப்டாப்பில் தேடி எடுத்தேன். அதை ரத்து செய்ய யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

சரியாகப் பதினோரு மணிக்கு அந்த மீட்டிங்குக்குள் நுழைந்தேன்.

கறுப்புக் கட்டம். இந்தத் தடவை அதன் நடுவில் பெயர் இருந்தது. தாரணி.

கட்டம் மறையவில்லை. திரையின் ஓரத்தில் ‘மேடம், வந்துட்டேன்’ என்று வந்தது.

"தாரணி, நான் உமாதேவி பேசறேன்மா" என்றேன். "வந்துட்டேன்."

வாளியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் மூச்சுச் சத்தம். மெதுவாக, கனமாக.

"எழுந்து போய் ஜன்னலைத் திறம்மா. குழாயை மூடு. கதவைத் திறந்துட்டு வெளிய போயிடு. மீட்டிங் ஒண்ணும் முக்கியமில்லை. கீழ கமலம்மா இருக்காங்க, அவங்களைக் கூப்பிடு."

மூச்சு அதேபோல இருந்தது.

நான் கத்தினேன். அழுதேன். நான் செய்ததை எல்லாம் அவளிடம் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். மறுபடி எழுந்திருக்கச் சொன்னேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன், அந்த வியாழக்கிழமையே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பத்து நிமிடம் போனது. பதினைந்து போனது. மூச்சுக்கு நடுவே இடைவெளி நீண்டுகொண்டே வந்தது.

திரையின் ஓரத்தில் அடுத்த வரி வந்தது.

மேடம், கேக்குதா?

"கேக்குதும்மா, கேக்குது" என்று மேஜையைத் தட்டினேன். என் மைக் சரியாகத்தான் இருந்தது. நான் பேசப்பேசப் பச்சைக் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மேடம், தலை சுத்துது. நீங்க வந்ததும் சொல்றேன்.

பிறகு மேஜைமேல் ஏதோ மெத்தென்று சாய்கிற சத்தம். தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. பதினொன்று இருபதுக்கு, ஒதுக்கிய நேரம் முடிந்து அழைப்பு தானாக அறுந்தது.

எனக்குத் தலை கனத்தது. காற்று வேண்டும்போல இருந்ததால் திரும்பிப் பார்த்தேன். நான் திறந்துவைத்த இரண்டு ஜன்னலும் மூடியிருந்தன. கொக்கி உள்பக்கமாக மாட்டியிருந்தது. கண்ணாடியில் உள்ளே ஆவி படிந்திருந்தது. ஹாரன் சத்தம் எதுவும் அறைக்குள் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வியாழக்கிழமையும் நான் தவறவிட்டதில்லை. முதலில் எழுதிக்காட்டினேன், பிறகு கன்னடத்தில் பேசிப் பார்த்தேன், ஒருநாள் மல்லம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஒவ்வொரு வாரமும் அதே மூன்று வரிகள்தான் வருகின்றன. ஒவ்வொரு வாரமும் நான் வெளியே வரும்போது ஜன்னல்கள் மூடியிருக்கின்றன.

எங்கள் புதிய முறையில், அழைப்பு முடிந்ததும் யார் யார் வந்தார்கள் என்ற அறிக்கை துணையாளுக்குத் தானாக மெயிலில் வரும். பொய் டிக் போடமுடியாமல் இருப்பதற்காக நான்தான் அதை ஏற்பாடு செய்தேன். இன்று பதினொன்று இருபத்தொன்றுக்கும் வந்தது. இருபது நிமிடமும் தொண்டை கிழியப் பேசிய என் பெயர் அதில் இல்லை.

பங்கேற்றவர் ஒருவர். தாரணி.